திரையின் பின்பக்கத்து டிக்கெட்

கிள்ளானில் அந்த நாளில் ஒரு படக்கொட்டகை இருந்தது. தகரக் கூரை, பலகைச் சுவர், நடுவே குறுக்காக ஒரு பெரிய வெள்ளைத் துணி. துணிக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தால் முழு விலை. பின்னால் உட்கார்ந்து பார்த்தால் பாதி விலை. பின்னால் என்ன தெரியும் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள். எல்லாம் தெரியும். ஆட்டம் தொடங்குமுன் ஓர் ஆள் ஏணியில் ஏறி வாளித் தண்ணீரைத் துணியில் அடித்து நனைத்துவிட்டு இறங்குவான். ஈரத் துணி வெளிச்சத்தை மறுபக்கம் இறக்கிவிடும். ஒரே குறை, இடம் வலம் மாறித் தெரியும். வீரன் இடக்கையால் வாள் வீசுவான். மணமகன் இடக்கையால் தாலி கட்டுவான். நாங்கள் அதைக் குறையாகவே நினைக்கவில்லை.

அப்போது பேசாத படங்கள்தான். நடுநடுவே இங்கிலீஷ் எழுத்து வரும். முன்பக்கத்தில் ஒருவர் நின்று அதைத் தமிழிலும் மலாயிலும் சத்தமாகச் சொல்வார். அவர் குரல் துணியைத் தாண்டி எங்களிடம் வந்து சேரும்போது பாதிதான் இருக்கும். எழுத்தும் எங்களுக்கு இடம் வலம் மாறித்தான் தெரியும். நேராகத் தெரிந்தாலும் படிக்கத் தெரியாது என்பது வேறு விஷயம். ஆகையால் பின்பக்கத்தில் யார் வேண்டுமானாலும் எதையும் பேசலாம். மாட்டுவண்டிக்காரர், ரிக்‌ஷா இழுக்கும் சீனர், தோட்டத்திலிருந்து வந்தவர்கள், எல்லாரும் படத்தோடு பேசிக்கொண்டேதான் படம் பார்ப்போம்.

நான் ரயில்வேயில் கேட்டுக்காரன். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே லயத்து வரிசை வீட்டில் சில வருஷம் இருந்தவனைத் தூக்கி, பத்து தீகாவைத் தாண்டி, ரப்பர் மரங்களுக்கு நடுவில் ஒரு கேட்டில் போட்டுவிட்டார்கள். ஒரு குடிசை, ஒரு பச்சைக் கொடி, ஒரு சிவப்புக் கொடி. ரயில் வரும்போது ரோட்டை மூடுவேன், போனதும் திறப்பேன். தண்டவாளம் சோதிக்க டிராலியில் வரும் மேஸ்திரி என்னைப் பார்த்து, "ஒனக்கு ரெண்டு பக்கமும் ரோடு இருக்கு, நீதான் எந்தப் பக்கமும் போறதில்ல" என்பார். கேலியாகத்தான் சொல்வார். சொல்லிவிட்டுப் போனபின் அந்தச் சொல் குடிசைக்குள்ளேயே இருக்கும். இந்த நாட்டில் எனக்குச் சொந்தமென்று யாருமில்லை. வாயைத் திறந்து பேசுவது என்றால் எனக்கு உயிர். கேட்டில் நிற்கும் வண்டிக்காரனிடம் நான் பேசத் தொடங்குவதற்குள் ரயில் போய்விடும், வண்டியும் போய்விடும்.

சனிக்கிழமை மதியம் மாற்றாள் வருவார். நான் ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போய்ப் பின்பக்கத்து டிக்கெட் வாங்குவேன்.

பாயை அங்கேதான் பார்த்தேன். துணி மூட்டையைத் தரையில் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார். மஸ்ஜித் இந்தியா பக்கத்துக் கடைகளில் துணி எடுத்து, தோட்டம் தோட்டமாக நடந்து விற்பவர். படகில் கேரி தீவு வரைக்கும் போவார். நாகப்பட்டினம் பக்கத்து ஆள். படத்தில் ஒரு பெண் கதவைத் திறக்கப் போனாள்.

"தொறக்காத புள்ள" என்றார் பாய் திரையைப் பார்த்து.

"அவளுக்குக் கேக்காது பாய்" என்றேன்.

"வூட்டுல உள்ளவளுக்கே நான் சொன்னாக் கேக்காது, அண்ணே. இவ எங்க கேக்கப் போறா."

அவள் திறந்துவிட்டாள். வெளியே புருஷனின் தம்பி கத்தியோடு நின்றான். பாய் என் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா" என்றார், ஏதோ நான்தான் திறக்கச் சொன்னதுபோல. அன்றிலிருந்து நாங்கள் ஒன்றாக உட்கார்ந்தோம். இடக்கைப் பக்கம், சுவரோரமாக ஒரு மூலை. அங்கே தூண் மறைக்காது. நான் முதலில் போனால் துண்டைப் போட்டு வைப்பேன். அவர் முதலில் போனால் மூட்டையைப் போட்டு வைப்பார்.

அவருக்குப் பிடித்த படம் ஒரு திருடன் கதை. கல்யாண வீட்டில் நகையெடுக்க நுழைந்தவன், ஆள் வருகிறது என்று பயந்து சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறுகிறவர்களோடு நின்றுவிடுவான். பந்தி முடிந்தால் அடுத்த பந்தி. கடைசிவரை அவனால் அந்த வாளியைக் கீழே வைக்க முடியாது. பாய் சொல்வார், "மூஞ்சியப் பெருசாக் காட்டுனான் பாருங்க, வேர்வை ஒழுவுது. ஒடனே வாளியக் காட்டுனான். மறுபடி மூஞ்சி. அவன் வாயத் தொறக்கவே இல்ல, நம்மளுக்கு எல்லாம் வெளங்கிருச்சு. அந்த ரெண்டத்தையும் ஒட்டவெச்சான் பாருங்க, அவன்தான் தொழில்காரன். நடிச்சவன் இல்ல."

எனக்குப் பிடித்தது வேறு. புருஷன் ஊரைவிட்டுப் போனபின் ஒரு பெண் வாசல் கூட்டுவாள். அவ்வளவுதான் காட்சி. தினமும் கூட்டுகிறாள், வாசல் மாறவில்லை, சேலை மட்டும் பழசாகிக்கொண்டே வருகிறது. அதை எனக்குக் காட்டிக் கொடுத்தவரே பாய்தான். துணிக்காரர் கண்ணாயிற்றே. "மொதல்ல அது பட்டு, அண்ணே. அப்புறம் நூலு. அப்புறம் அதே நூலு, தொவைச்சுத் தொவைச்சு நஞ்சுபோனது. கலரே இல்லாத படத்துல எப்படிக் காட்டிட்டான் பாருங்க, துணி வுழுற வுழுகையிலயே தெரியுது." அந்தப் பெண் எங்களுக்கு இடக்கைக்காரி. அவள் இடக்கையால் துடைப்பம் பிடிக்கிற விதத்தில் ஒரு சோகம் இருக்கிறது என்று நாங்கள் ரொம்ப நேரம் பேசியிருக்கிறோம். ஒரு தடவை வியாபாரம் நன்றாக நடந்த வாரத்தில் பாய் அதே படத்தை முன்பக்கம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது.

"அவ வலக்கைக்காரி அண்ணே."

"அது நமக்குத் தெரிஞ்சதுதானே பாய்."

"தெரிஞ்சதுதான். இருந்தாலும் அங்கேருந்து பாத்தா வேற பொம்பளையாட்டம் இருக்கா."

திரையில் ரயில் வந்தால் நான் பேசுவேன். ஒரு படத்தில் ரயிலைப் பிடிக்க ஒருவன் தண்டவாளத்தோடு ஓடுவான். அவன் துரத்துவது ஒரு ரயில், அடுத்த துண்டில் அவனைத் தாண்டிப் போவது வேறு ரயில் என்று சக்கரத்தைப் பார்த்தே சொன்னேன். பாய்க்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. "அப்ப ரெண்டு ஊருல புடிச்சிருக்கான். ஒரு ஊருல ஓட வுட்டு, இன்னொரு ஊருல தவற வுட்டுட்டான்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அடுத்த வாரம் வந்தும் அதையே சொன்னார்.

படம் விட்டதும் ரயிலடிவரை நடப்போம். வழியிலும் படப் பேச்சுதான். அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று நான் கேட்டதில்லை. எனக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று அவர் கேட்டதில்லை. அண்ணே, பாய், இரண்டு சொல்லும் எங்களுக்குப் போதுமாக இருந்தன.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. தோட்டங்களில் ஆள் குறைத்தார்கள். கப்பல் கப்பலாக ஜனங்களை ஊருக்கு அனுப்பினார்கள். என் கேட்டைத் தாண்டிப் போகிற ரயில்களில் தட்டுமுட்டுச் சாமான்களோடு குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும். நான் பச்சைக் கொடியைக் காட்டிக்கொண்டு நிற்பேன். பாயின் மூட்டை வாரத்துக்கு வாரம் சிறுக்காமல் அப்படியே இருந்தது. சாப்பாட்டுக்கே வழியில்லாதவர்கள் துணி எங்கே எடுப்பார்கள்?

அதே சமயம் கொட்டகையை மூடிப் பலகை அடித்தார்கள். பேசும் படம் வருகிறதாம், தமிழிலேயே பேசுமாம், அதற்கு மிஷின் மாட்டுகிறார்களாம். கடைசிச் சனிக்கிழமை டிக்கெட்காரர் எங்களிடம், "இனிமே பின்பக்கம் கெடையாது. சத்தம் போடுற பெட்டி எல்லாம் துணிக்குப் பின்னாலதான் வருது. முன்னாடி வாங்க" என்றார்.

பாய் என்னிடம் சொன்னார், "நானும் பொறப்படுறேன் அண்ணே. கப்பலுக்குச் சொல்லிட்டேன். அந்தப் பேசுற படம் போடுற சனிக்கெழம மதியத்துக்கு மறுநா காலையில. படத்தப் பாத்துட்டு, சாயங்காலம் பஸ் ஏறித் துறைமுகத்துக்குப் போயிடுவேன்."

நான் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

"ஒண்ணா உக்காந்து பாத்துரணும்" என்றார். "முன்னாடிதான் உக்காரணும்னா முன்னாடியே உக்காருவோம். நம்ம மூலையிலயே. வுட்டுராதீங்க."

அந்த ஒரு மதியத்துக்காக நான் எப்படிக் காத்திருந்தேன் என்று எழுதினால் சிரிப்பீர்கள். கேட்டில் நின்று அவரோடு பேசப்போகும் பேச்சையெல்லாம் மனசுக்குள் அடுக்கி வைத்தேன். இன்னொரு ஆள் கிடைக்கமாட்டான் என்று எனக்குத் தெரியும். அந்தப் படத்தை அவரோடு உட்கார்ந்து, அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது.

அன்று கொட்டகை வாசலில் கால் வைக்க இடமில்லை. கிள்ளான் முழுக்க வந்ததுபோல் இருந்தது, பண்டமாரானிலிருந்தும் ஆட்கள். பாயைத் தேடினேன், காணவில்லை. சரி, மூலையைப் பிடிப்போம் என்று உள்ளே முண்டிக்கொண்டு போனேன். அங்கேதான் நான் புத்திசாலியானேன். பின்பக்கத்தில் நம் மூலை இடக்கைப் பக்கம். முன்பக்கத்தில் வந்து நின்றால் அதே சுவர் வலக்கைப் பக்கம் அல்லவா வரும்? அப்படியே கணக்குப் போட்டு வலக்கைப் பக்கத்துச் சுவரோரம் போய் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் துண்டைப் போட்டேன்.

"யாருக்கு இது?" என்றார் ஒருவர்.

"இன்னொரு ஆள் வராரு."

"வரட்டும். வந்தா எந்திரிக்கிறேன்" என்று துண்டை என் மடியில் எடுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். விளக்கு அணைந்துவிட்டது. பாய் வரவில்லை.

திரை பேசியது. ஜனங்கள் மூச்சுவிடவில்லை. ஒரு ராஜா, ஒரு ராணி, நிறையப் பாட்டு. தமிழ் காதில் விழுந்ததும் பக்கத்தில் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் சொல்வதற்கு ஆளில்லாமல் எல்லாம் எனக்குள்ளேயே அடைத்துக்கொண்டது. ஏதாவது சொல்ல வாயெடுத்தால் முன்னாலிருந்து "ஷ்" என்கிறார்கள். அந்தக் கொட்டகையில் அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை. கப்பலுக்கு முன்கூட்டியே போய்விட்டாரோ, உடம்புக்கு ஏதாவதோ என்று மனசு ஓடிக்கொண்டிருந்தது.

ராணி ஒரே இடத்தில் நின்று பாடிக்கொண்டிருந்தாள். பாட்டு நீண்டுகொண்டே போயிற்று. அப்போது கொட்டகையின் அந்தக் கோடியிலிருந்து, இடக்கைப் பக்கத்துச் சுவரோரமிருந்து, ஒரு குரல் வந்தது.

"அண்ணே, எங்க இருக்கீங்க? இவ ஏன் நகரவே மாட்டேங்கிறா?"

கொட்டகை முழுக்க "ஷ்" என்றது. "ஒங்க அண்ணன் இங்க இல்லய்யா, வாய மூடு" என்றார் ஒருவர்.

அவர் கை வழக்கப்படி இடப்பக்கமே போய் உட்கார்ந்திருந்தார். நான் சுவர் வழக்கப்படி வலப்பக்கம் வந்திருந்தேன். இடையில் அத்தனை ஜனம்.

"இங்க இருக்கேன் பாய்" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. "இந்தப் பக்கத்துச் சுவரு. அவ நகர முடியாது போல. சத்தம் புடிக்கிற மிஷினு பக்கத்துலதான் இருக்கும். தள்ளிப் போனா கொரலு போயிரும்."

"அதான் ராஜாவும் பூந்தொட்டியப் பாத்துப் பேசுறாரு. மிஷினு தொட்டிக்குள்ள இருக்கு" என்றது அந்தக் குரல்.

கொட்டகை சிரித்துவிட்டது. "புருஷனும் பொண்டாட்டியும் ஒரே பக்கமா உக்காந்திருக்கலாமில்ல?" என்று யாரோ கேட்க, சிரிப்பு இன்னும் கூடியது. ஆனால் திரையில் ராணி அழத் தொடங்கியிருந்தாள், அழுகிறவளைப் பார்க்க வந்தவர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. கொட்டகைக் காவலுக்கு இருந்த ஜாகா டார்ச் விளக்கோடு வந்தார். வாசலுக்குப் பக்கமாக இருந்தவர் பாய்தான். அவரைத் தோளில் கை வைத்து எழுப்பி வெளியே கூட்டிப் போவது விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது.

நானும் எழுந்துவிட்டேன். முழங்கால்களைத் தாண்டித் தாண்டி, திட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். நல்ல வெயில். கண் கூசியது. பாய் வாசலில் நிற்கவில்லை. தெருவில் இல்லை. மூட்டை இல்லாத பாயை நான் பார்த்ததே இல்லையா, தெரு முழுக்க மூட்டையைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். ஓடி ஓடிக் கொட்டகையைச் சுற்றினேன். பின்புறத்துச் சந்தில், கால்வாய்க் கட்டையில், சின்னப் பெட்டி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வந்துட்டீங்களா" என்றார். "டிக்கெட்டு வீணாப் போச்சே, அண்ணே."

"போவட்டும்."

"இங்க உக்காருங்க. நல்லாக் கேக்குது."

உண்மைதான். சத்தப் பெட்டிகள் பலகைக்கு அந்தப் பக்கத்திலேயே இருந்தன. ராணி எங்கள் முதுகுக்குப் பின்னால் பாடிக்கொண்டிருந்தாள். படம் தெரியவில்லை. பாய் கண்ணை மூடிக்கொண்டார்.

"கொலுசு சத்தம் வருது. எங்க போறா?"

"படி ஏறுறா" என்றேன்.

"ஏறட்டும். காலு மட்டும் காட்டணும். மொகத்த இப்பக் காட்டக்கூடாது."

"ராஜா பேசுறாரே?"

"அவரு பேசட்டும். அவரக் காட்ட வேணாம். சுவத்துல அவரு நெழலு போதும்." கொஞ்ச நேரம் கேட்டார். உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் வந்தது, மெதுவாக, ரொம்ப நேரம். யாரும் பேசவில்லை. "அண்ணே, தண்ணி. அவருக்குக் குடிக்கக் குடுக்குறா. இதான் கடைசியாக் குடுக்குறது. வெஷம் வெச்சிருக்காளோ?"

"இல்ல பாய். அவரு போறாரு. போறவருக்குத் தண்ணி குடுக்குறா."

"அப்பன்னா மூஞ்சிய இப்பக் காட்டலாம்" என்றார். "பெருசா. தண்ணியக் காட்டவே வேணாம், சத்தம்தான் இருக்கே. இவனுங்க அப்படி எடுத்திருப்பானுங்களா?"

"எங்க எடுக்கப் போறானுங்க. நின்னுக்கிட்டுப் பாடியிருப்பானுங்க."

சிரித்தோம். அந்தச் சந்தில் உட்கார்ந்து நாங்கள் எடுத்த படத்தைப்போல் நல்ல படம் நான் பிறகு பார்க்கவில்லை. ராணிக்கு நூல் சேலைதான் கட்டினோம். அது பாயின் கட்டளை. துக்கத்தில் பட்டு கட்டமாட்டாள் என்றார்.

பாட்டுகளால் நீண்டுகொண்டே போன படம் முடிய இன்னும் நேரமிருந்தது. அதற்குள் துறைமுகத்துப் பஸ் வந்துவிட்டது. பாய் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். மூட்டையில் மிச்சமிருந்த துணியைக் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

"முடிவ நீங்க பாத்துருங்க அண்ணே" என்றார். "அடுத்த வாரமும் ஓடும்."

"பாத்து?"

"பாத்து... தெரிஞ்சு வெச்சுக்குங்க." பிறகு, "நாகப்பட்டினம் வந்தா வாங்க. எறங்கி யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க" என்றார். பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன், கேட்டில் கொடி பிடிக்கிற கை அது, தானாக நீட்டி நின்றுவிட்டது. பஸ் பாலத்தைத் தாண்டும்வரை இறக்கவில்லை.

பஸ் போன பிறகுதான் தோன்றியது. நாகப்பட்டினத்தில் இறங்கி என்ன பேரைச் சொல்லிக் கேட்பது?

அடுத்த சனிக்கிழமை போனேன். டிக்கெட்காரருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. "இன்னிக்கி ஒழுங்கா இருப்பீங்களா?" என்றார். இருப்பேன் என்றேன். நடு வரிசையில் இடம் கிடைத்தது. ராணி நின்று பாடினாள். கொலுசுச் சத்தம் வந்தது. படியெல்லாம் ஏறவில்லை, நாட்டியக்காரி ஒருத்தி சபைக்கு வந்தாள். ராஜாவின் நிழலும் சுவரில் விழவில்லை, சிம்மாசனத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பிறகு அந்தத் தண்ணீர்ச் சத்தம் வந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஒரு வேலைக்காரன் ராஜாவின் காலைக் கழுவிக்கொண்டிருந்தான். சொம்பு சொம்பாக, பொறுமையாக. ராணி அந்தக் காட்சியிலேயே இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. பக்கத்தில் வயசுப் பிள்ளை ஒருவன் உட்கார்ந்திருந்தான். என் பக்கம் திரும்பி, "என்னண்ணே, இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்றான். கேட்கிற ஆள் கிடைத்துவிட்டான் என்று நான் அவன் பக்கம் சாய்ந்தேன். எங்கிருந்து தொடங்குவது, தண்ணீரிலிருந்தா, சேலையிலிருந்தா என்று ஒரு கணம் யோசித்தேன். அதற்குள் முன்வரிசைக்காரர் ஒருவர் திரும்பி வாயில் விரல் வைத்தார். அந்தப் பிள்ளையும் திரையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான்.